‘ஃப்ரெயில்டி’க்கு நலிவா, தளர்வா, தள்ளாமையா?

அன்பர்களுக்கு வணக்கம்.

எலும்புப்புரை (எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய்) உள்ள முதியோருக்கான உறக்கக் கையேட்டை மொழிபெயர்க்கையில், பெரும்பாலும் முதுமையில் உடலின் வலுவும் தாங்குதிறனும் குன்றும் நிலையைக் குறிக்கும் ‘ஃப்ரெயில்டி’ (frailty) என்ற சொல்லில் முட்டி நின்றதைச் சென்ற மடலில் எழுதியிருந்தேன். மருத்துவர் ஐயா ‘நலிவு’ என்றும், மற்றோர் அன்பர் ‘தளர்வு’ என்றும் பரிந்துரைத்திருந்தீர்கள். இரண்டையும் வரைவில் இட்டுப் பார்த்தபின் இதை எழுதுகிறேன்.

2001-இல் அமெரிக்க முதியோர் மருத்துவ ஆய்வாளர் லிண்டா ஃப்ரைடும் அவருடைய குழுவினரும் வகுத்த வரையறையில் ஐந்து கூறுகள் உள்ளன: முயலாமலே எடை குறைதல், அயர்ச்சி, கைப்பிடி வலுக் குறைதல், நடை மெதுவாதல், உடலியக்கம் குறைதல். இவற்றுள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் ஃப்ரெயில்டி. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய நிலை. எனவே ‘பலவீனம்’ என்றால் மூன்றாம் கூறுக்கும் முழு நிலைக்கும் ஒரே பெயராகிவிடும். ‘தளர்ச்சி’ என்றால் இரண்டாம் கூறோடு மோதும். உறக்கத்தைப் பற்றிய கையேட்டில் இந்த மோதலைப் பொறுத்துக்கொள்ள முடியாது. இரவு உறக்கம் கெட்டவர் எவரும் மறுநாள் அயர்ந்துதான் இருப்பார். அந்த அயர்ச்சி நாலு நாள் நன்றாகத் தூங்கினால் போய்விடுவதா, மெலிவோடும் மெதுநடையோடும் சேர்ந்து நிற்பதா என்று வீட்டிலிருப்பவர்களைக் கவனிக்கச் சொல்வதே கையேட்டின் வேலை.

‘தளர்வு’ வேறு வகையில் இடறுகிறது. 2020-க்குப் பின் அச்சொல் ஊரடங்கை நினைவூட்டுவது ஒருபுறம் இருக்கட்டும். படுக்கப் போகுமுன் தசைகளைத் தளர்த்தும் பயிற்சி செய்யுங்கள் என்று அதே கையேட்டின் நான்காம் பக்கம் சொல்கிறது. இரண்டாம் பக்கத்தில் நோயாக இருந்தது நான்காம் பக்கத்தில் மருந்தாகிவிட்டால் படிப்பவர் என்ன செய்வார்?

‘நலிவு’ அழகான சொல்தான். ஆனால் வரைவை மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்தில் ஒரு பாட்டியிடம் படித்துக் காட்டியபோது, “நலிஞ்சவங்களுக்குப் பணம் குடுக்கறாங்களா? எந்த ஆபீசுல மனுக் குடுக்கணும்?” என்று கேட்டார். நலிந்த கலைஞர், நலிந்த பிரிவினர், நலிவடைந்த ஆலை என்று அரசாணைகளும் செய்தித்தாள்களும் அச்சொல்லைப் பொருளாதாரத்தின் பக்கம் இழுத்துச் சென்று வெகுநாளாகிறது.

நான் முதலில் விரும்பிய ‘நொய்மை’யையும் கைவிட்டேன். நின்ற உயரத்திலிருந்து விழுந்தாலே முறியும் எலும்பின் தன்மைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை என்பதால், அவ்வகை முறிவுக்கு ‘நொய்மை முறிவு’ என்று ஒதுக்கிவைத்திருக்கிறேன். நொய்ந்திருப்பது எலும்பு, நாம் பெயர் தேடுவதோ ஆளின் நிலைக்கு. எலும்பு அடர்த்திச் சோதனையின் மதிப்பெண்ணான டி-ஸ்கோர், எலும்புப்புரைக்கான எல்லையாகிய −2.5-க்குக் கீழே இருந்தும் விறுவிறுவென்று நடந்து கடைக்குப் போய்வருபவர்கள் உண்டு.

வேண்டிய சொல்லை அந்தப் பாட்டியே கொடுத்தார். “ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா அப்புறம் கண்ணு மூடாது தம்பி, விடிஞ்சா எந்திரிக்கத் தள்ளலை” என்றார். ‘தள்ளாமை’ என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக ஆக்கத் தேவையில்லை, வரையறுத்துக்கொண்டால் போதும்.

இதற்கு எழக்கூடிய மறுப்பு எனக்குத் தெரியும். ‘தள்ளாத வயது’ என்ற வழக்கால் இச்சொல் வயதோடு ஒட்டிக்கொண்டது, மீள வழியில்லாத நிலை என்று தொனிக்கிறது. ஃப்ரெயில்டியோ சத்துணவாலும் உடற்பயிற்சியாலும் குறையக்கூடியது, எண்பது வயதில் இல்லாமலும் இருக்கக்கூடியது. மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் பேச்சில் “இன்னைக்குத் தள்ளலை” என்றும் சொல்கிறோம், காய்ச்சல் விட்ட மறுநாள் இளைஞரும் சொல்கிறார். வினையில் இருக்கும் இந்தத் தற்காலிகத் தன்மையைப் பெயர்ச்சொல்லும் தாங்கும் என்றே நினைக்கிறேன். ‘தள்ளாதவர்’ என்று ஆளைக் குறிப்பதைத் தவிர்த்து, ‘தள்ளாமை உள்ள முதியவர்’ என்றே எழுதியிருக்கிறேன்.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “முதுகெலும்பு முறிவின் வலி உறக்கத்தைக் கெடுக்கலாம், உறக்கம் கெட்டவர் பகலில் இயங்காமல் தசையை இழக்கலாம், தூக்க மாத்திரை போட்டவர் நள்ளிரவில் சிறுநீர் கழிக்க எழுந்து தடுமாறி விழலாம், இப்படித் தள்ளாமையும் உறக்கக் கேடும் ஒன்றையொன்று வளர்க்கலாம்.” எனக்கு இடறவில்லை.

உறக்கத்தின் தரத்துக்கு ‘உறக்கத் தரம்’ போதும். உறக்கத் தரத்தை அளக்க 1989-இல் வந்த பிட்ஸ்பர்க் வினாத்தாளில், படுக்கையில் கிடந்த நேரத்தில் எவ்வளவு உறங்கினார் என்ற கணக்கு ஒன்று உண்டு. அதற்கு ‘உறக்கத் திறன்’ என்பது தூங்குவதில் கெட்டிக்காரர் என்பதுபோல் ஒலிக்கிறது. ஒன்பது மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுபவர் ஐந்து மணிநேரமே உறங்கியிருந்தால் 62.5 விழுக்காடு என்பதே கணக்கு என்பதால் ‘உறக்க விழுக்காடு’ என்று வைத்திருக்கிறேன்.

தீராமல் இருப்பது, ஒன்றோ இரண்டோ கூறு மட்டும் உள்ள நிலைக்கான பெயர். ‘முன்தள்ளாமை’ யாரையோ முன்னால் தள்ளுவதுபோல் இருக்கிறது. ‘தள்ளாமைத் தொடக்கம்’ என்றால் அடுத்தது நிச்சயம் வரும் என்று அச்சுறுத்துகிறது. கையேடு அச்சுக்குப் போக இரண்டு வாரம் இருக்கிறது. அதற்குள் யாருக்கேனும் நல்ல சொல் கிடைத்தால் எழுதுங்கள்.