கப்பி மீன் குஞ்சுகள் சாகின்றன, தொட்டியை எப்படிச் சுத்தம் செய்வது?

கேள்வி:
சென்னை கொளத்தூரில் வாங்கிய கப்பி மூன்று வாரம் முன்பு முப்பது குஞ்சுகள் போட்டது. 40 லிட்டர் தொட்டி, மோட்டார் ஃபில்டர். அடியில் கழிவு சேர்ந்ததால் ஞாயிறன்று தண்ணீரை முழுக்க மாற்றி, ஃபில்டர் பஞ்சையும் குழாயடியில் பளிச்சென்று கழுவினேன். இப்போது தண்ணீர் பால் மாதிரி கலங்கியிருக்கிறது. ஒன்பது குஞ்சுகள் போய்விட்டன. மீதியைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்.

பதில் 1:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. எனக்கும் இப்படி ஒருமுறை நடந்தது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கும். குழாய்த் தண்ணீரின் குளோரின் அதைக் கொன்றிருக்கும், அதனால் அம்மோனியா தேங்கிக் குஞ்சுகள் சாகின்றன. இனி தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பஞ்சை லேசாகப் பிழியுங்கள், போதும். இப்போதைக்குத் தீனியைப் பாதியாகக் குறைத்து, தினமும் கால் பங்கு தண்ணீர் மட்டும் மாற்றுங்கள்.

பதில் 2:
மோட்டார் ஃபில்டர் குஞ்சுகளை உறிஞ்சிவிடும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் போடுங்கள். அடிக்கழிவை ஏர் டியூபால் வெள்ளை வாளிக்குள் இழுத்தால், தவறி வந்த குஞ்சும் கண்ணில் படும்.

கேட்டவர்:
நன்றி. எங்கள் வீட்டில் மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியக் குழாய்த் தண்ணீர்). அப்படியே ஊற்றலாமா?

பதில் 1:
வேண்டாம். வாளியில் பிடித்து ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு ஒரு நாள் வையுங்கள். அவசரம் என்றால் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து. அப்புறம், ஊற்றும்போது டியூப் வழியாக மெதுவாக விடுங்கள்.