11 நாள் கோடைப் பயணம்: பாதி வறண்ட வெயில், பாதி கடலோரப் புழுக்கம். என்ன துணி எடுப்பது?

பயணப்பை:

அடுத்த மாதம் 11 நாள் பயணம். முதல் 5 நாள் வறண்ட ஊர். பகலில் 41, 42 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே. மீதி 6 நாள் கடலோரம். 33 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 70ஐத் தாண்டும். நடுவே ஓர் இரவு முழுக்க ஏசி பேருந்து. நானும் மனைவியும் போகிறோம். ஆளுக்கு ஒரு பை, 7 கிலோவுக்குள். தினமும் 8 கிலோமீட்டராவது நடை இருக்கும்.

கேட்ட இடமெல்லாம் "காட்டன் போட்டுக்கோ" என்கிறார்கள். விளையாட்டு டீ-ஷர்ட்தான் சீக்கிரம் காயும் என்று சொல்கிறவர்களும் உண்டு. லினன் பிடிக்கும், ஆனால் பையிலிருந்து எடுத்தால் மென்று துப்பியது போல இருக்கும். முழுக்கையா அரைக்கையா? வெள்ளையா அடர்நிறமா? மனைவிக்கு அதிகம் நடந்தால் தொடை உரசிக் காந்தும், அதற்கும் வழி வேண்டும். மொத்தம் எத்தனை உருப்படி போதும்?

பாவு_ஊடை:

உங்கள் இரண்டு ஊருக்கும் ஒரே பதில் கிடையாது. அதைப் பிரித்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

துணி உடம்பைக் குளிர்விப்பதில்லை. வியர்வை ஆவியாவதுதான் குளிர்விக்கிறது. 1 கிராம் வியர்வை ஆவியாக ஏறக்குறைய 2.4 கிலோஜூல் வெப்பம் தேவை, அது தோலிலிருந்து போக வேண்டும். சொட்டித் தரையில் விழுந்த வியர்வை வீண். வறண்ட ஊரில் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். அங்கே துணிக்கு வேலை, வெயிலையும் சுடுகாற்றையும் தோலில் நேராகப் படவிடாமல் மறிப்பது. தோலின் சூடு 35 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். காற்று அதற்கு மேல் சுட்டால், வீசுகிற காற்றே உடம்புக்குச் சூடு ஏற்றும். அதனால் முழுக்கை, தொளதொளவென்று. கடலோரத்தில் காற்று ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கிறது. அங்கே துணிக்கும் தோலுக்கும் நடுவே காற்று புகுந்து வெளியேற வழி வேண்டும், துணியும் தண்ணீரைச் சுமந்துகொண்டு தொங்கக் கூடாது.

அடுத்தது, நாரின் பெயரைவிட நெசவும் எடையும் முக்கியம். "100 சதவீதம் காட்டன்" என்பது மெல்லிய மல்மல் துணிக்கும் பொருந்தும், ஜீன்ஸுக்கும் பொருந்தும். பார்க்க வேண்டியது ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில். சட்டைக்கு 90 முதல் 130 வரை நல்லது. லினனில் 150, 160 வரை போகலாம். நூல் விறைப்பானது, தோலில் படியாது, இடைவெளியும் இருக்கும். டீ-ஷர்ட் 140, 150 சரி. 180 தாண்டினால் இந்தப் பயணத்துக்கு வேண்டாம். சாதாரண ஜீன்ஸ் 350, 400 வரும், அதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

நெசவில் சாதா நெசவு, அதாவது குறுக்கே ஓடும் ஊடை நூல், நீளவாக்கில் ஓடும் ஒரு பாவு நூலுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று மாறி மாறிப் போவது, காற்றுக்கு வசதி. துணியில் சாய்ந்த கோடுகள் தெரிந்தால் அது ட்வில். நூல்கள் நெருங்கி உட்கார்ந்திருக்கும், பேன்ட்டுக்கு உழைக்கும், சட்டைக்குப் புழுங்கும். லினன் கசங்கல் உங்களுக்குத் தொல்லை என்றால் சீர்சக்கர் தேடுங்கள். பாவில் சில நூல் பட்டைகளை இழுவை குறைத்துத் தளர்வாக விட்டு நெய்வதால் துணி கோடுகோடாக உப்பி நிற்கும். தோலில் படுவது அந்த மேடுகள் மட்டும், பள்ளங்களில் காற்று. கசங்கலும் தெரியாது, இஸ்திரியும் கேட்காது.

கடையில் ஜிஎஸ்எம் எழுதியிருக்காது. துணியை ஒற்றை மடிப்பாக வாயில் வைத்து ஊதுங்கள். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் காற்று தெரிய வேண்டும். ஒரு முனையைக் கைக்குள் 30 விநாடி இறுக்கிப் பிடித்து விடுங்கள். கசங்கல் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவுதான் பையிலும். கடைசியாக விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்து உள்பக்கத்தில் வையுங்கள். சில விநாடிகளில் பரவினால் நல்லது. முத்தாக நின்றால் யோசிக்க வேண்டியது.

வெயில்காலன்:

மேலே சொன்னது சரி, ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. ஊதினால் காற்று தாராளமாக வரும் துணியில் புற ஊதாக் கதிரும் தாராளமாக வரும். மெல்லிய வெள்ளைப் பருத்தி டீ-ஷர்ட்டின் யுபிஎஃப், அதாவது துணி புற ஊதாவைத் தடுக்கும் அளவு, 5 முதல் 7 வரைதான் இருக்கும். ஐந்தில் அல்லது ஏழில் ஒரு பங்கு கதிர் உள்ளே போகிறது என்று பொருள். யுபிஎஃப் 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு. பருத்தி நனைந்தால் இன்னும் குறையும், தோளில் இழுபட்டு நூல் விலகினாலும் குறையும். மல்மல் சட்டையைப் போட்டுக்கொண்டு 42 டிகிரியில் நாள் முழுக்க நடந்தால் தோள்பட்டை சிவந்துவிடும்.

ஆகவே வறண்ட ஊருக்கு நெருக்கமான சாதா நெசவில் 120, 130 ஜிஎஸ்எம் சட்டை. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விரல்களின் வடிவம் மங்கலாகத் தெரியலாம், பளிச்சென்று தெரிந்தால் அது அந்த ஊர் வெயிலுக்கல்ல. காற்றோட்டத்தை நெசவில் தேடாமல் அளவில் தேடுங்கள்: வழக்கத்தைவிட ஒரு சைஸ் பெரியது, கீழ்விளிம்பு வெளியே தொங்கட்டும், கைமணிக்கட்டு அகலமாக இருக்கட்டும். நடக்கும்போது துணி துருத்தி மாதிரி காற்றை உறிஞ்சித் தள்ளும். காலர் உள்ள சட்டை எடுத்தால் தூக்கிவிட்டு பிடரியை மறைக்கலாம். தொப்பிக்கு விளிம்பு சுற்றிலும் 7.5 செ.மீ. வேண்டும், முன்பக்கம் மட்டும் நீண்ட கேப் காதையும் கழுத்தையும் வெயிலுக்கு விட்டுவிடும்.

நிறம்: வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும், ஆனால் மெல்லிசாக இருந்தால் கொஞ்சம் உள்ளேயும் விடும். அடர்நிறச் சாயம் புற ஊதாவை நன்றாகத் தடுக்கும், ஆனால் துணி சூடாகும். உடம்போடு ஒட்டிய கறுப்பு டீ-ஷர்ட்டில் அந்தச் சூடு நேராகத் தோலுக்கு வரும். தொளதொளப்பான துணியில் சூட்டில் ஒரு பகுதி உள்ளே ஓடும் காற்றோடு போய்விடும். நடுத்தர நீலம், காக்கி, மணல் நிறம் என்று போனால் தொந்தரவில்லை. சாம்பல் நிறத்தில்தான் வியர்வை ஈரம் மிகவும் பளிச்சென்று தெரியும். வெள்ளையிலும், பூப்போட்ட துணியிலும் அவ்வளவாகத் தெரியாது. கறுப்பில் ஈரம் தெரியாவிட்டாலும் காய்ந்தபின் உப்புக்கோடு தெரியும்.

கடலோரத்துக்குச் செயற்கை இழை வேண்டவே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சாதாரண அறைக் காற்றில் 100 கிராம் பருத்தி 8 கிராம் போல ஈரத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராம்கூட வைக்காது. அதனால்தான் துளைத்துளையாகப் பின்னிய மெல்லிய பாலியஸ்டர் டீ-ஷர்ட் இரவில் அலசிப் போட்டால் காலையில் காய்ந்திருக்கிறது, அதே அறையில் பருத்தி டீ-ஷர்ட் ஈரவாடையோடு கிடக்கிறது. பின்னல் முக்கியம்: ரெயின்கோட் போல வழுவழுவென்று நெய்த பாலியஸ்டர் சட்டை தண்டனை. இன்னொரு குறை நாற்றம். பாலியஸ்டர் வியர்வையின் எண்ணெய்ப்பசையைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; ஒருநாள் துவைக்காமல் மறுநாள் போட முடியாது.

தையல்ஊசி:

தொடை உரசல் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் அதை முதலில்.

தோல் ஈரமாக இருக்கும்போது உராய்வு கூடும். வியர்வை காயும்போது உப்புத் துகள் தங்கி மணல்தாள் மாதிரி வேலை செய்யும். பாவாடை, கவுன், அகலமான பலாசோ எல்லாம் காற்றோட்டத்துக்கு அருமை, ஆனால் உள்ளே தொடையோடு தொடை உரசும். அதற்கு உள்ளே ஒட்டினாற்போல ஒரு குட்டை ஷார்ட்ஸ் போட வேண்டும்: நைலானோ, மரக்கூழிலிருந்து எடுக்கும் மென்மையான மோடாலோ, அதில் கொஞ்சம் ஸ்பான்டெக்ஸ் என்ற இழுபடும் இழை கலந்தது. கவட்டியிலிருந்து விளிம்பு வரை 15 முதல் 20 செ.மீ. நீளம் இருக்கட்டும். அதைவிடக் குட்டையானது நடக்க நடக்கச் சுருண்டு மேலே ஏறி, அந்தச் சுருளே அறுக்கும். வாங்கும்போது உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். நான்கு தையலும் கவட்டியில் ஒரே புள்ளியில் சந்தித்தால் அங்கே ஒரு முடிச்சு மேடு இருக்கும். நீளமான சாய்சதுரத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்திருந்தால் தையல்கள் விலகி உட்காரும். அந்தச் சின்னத் துண்டுதான் 8 கிலோமீட்டரில் வித்தியாசம் காட்டும். வெளியே கிளம்பும் முன் தோல் காய்ந்திருக்கும்போதே பெட்ரோலியம் ஜெல்லி மெலிதாகத் தடவலாம். 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடி. காந்த ஆரம்பித்தபின் பவுடர் கொட்டுவது உதவாது, வியர்வையோடு சேர்ந்து திரண்டு அதுவும் உரசும்.

லைனிங்கைப் பாருங்கள். "பருத்தி", "லினன்" என்று மேல்துணிக்கு மட்டும் எழுதி, உள்ளே பாலியஸ்டர் லைனிங் கொடுத்த பேன்ட்டும் கவுனும் நிறைய. உடம்பில் படுவது லைனிங்தான், மேலே எவ்வளவு நல்ல லினன் இருந்து என்ன? இடுப்பு எலாஸ்டிக்கும் அப்படியே. 4 செ.மீ. அகல எலாஸ்டிக் இறுக்கமாக உட்கார்ந்தால் அதன் அடியில் வியர்வைக் குழாய்கள் அடைபட்டு வியர்க்குரு வரும். நாடா வைத்ததோ, பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக் உள்ளதோ மேல். முதுகுப்பை மாட்டுவீர்கள் என்றால் தோள்தையல் பட்டையின் அடியில் வராத சட்டையாகப் பாருங்கள்.

காலுக்கு முழுப் பருத்தி சாக்ஸ் வேண்டாம். நனைந்தால் நனைந்தபடியே இருக்கும், கொப்புளம் அங்கேதான் தொடங்கும். மெல்லிய மெரினோ கம்பளி நைலான் கலவை நல்லது. கோடையில் கம்பளியா என்று சிரிக்க வேண்டாம், மெல்லியது உறுத்தாது, நாற்றமும் குறைவு. வெயிலில் நடந்தால் பாதம் வீங்கும். ஷூவை மாலையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள், பெருவிரலுக்கு முன்னால் ஒரு செ.மீ. இடம் வேண்டும்.

பயணப்பை:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். "கசங்காத காட்டன்" என்று எழுதிய ஒரு பேன்ட் கையில் இருக்கிறது, இன்னும் துவைக்கவில்லை. சொட்டுத் தண்ணீர் வைத்தால் அரை நிமிஷம் முத்தாகவே நிற்கிறது. இதைக் கழித்துவிடலாமா? தினமும் துவைப்பது எப்படி என்றும் சொல்லுங்கள்.

பாவு_ஊடை:

அவசரப்பட வேண்டாம். புதுத் துணியில் கஞ்சியும் மென்மைப்பூச்சும் இருக்கும், அதனாலும் சொட்டு நிற்கும். வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு இரண்டு முறை துவைத்துக் காயவைத்து மறுபடி சொட்டு வையுங்கள். உறிஞ்சினால் பூச்சு போய்விட்டது, எடுத்துப் போகலாம். அப்போதும் நின்றால் வேறு பூச்சு. கசங்காமல் இருக்க நாரின் மூலக்கூறுகளைப் பிசினால் ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறார்கள். அது துவைத்தால் போகாது, நாரின் உறிஞ்சும் தன்மையும் குறையும். பேருந்து இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பகல் நடைக்கு வேண்டாம். துவைக்கும்போது மென்மையாக்கும் திரவம் எதற்கும் ஊற்றாதீர்கள், அதுவும் நாரின் மேல் படிந்து உறிஞ்சலைக் கெடுக்கும்.

"மூங்கில் துணி" என்று யாராவது விற்றால் அது பெரும்பாலும் விஸ்கோஸ்தான், அதாவது கூழைக் கரைத்து இழையாக்கியது. போடச் சுகம், வழுக்கிக்கொண்டு விழும். ஆனால் விஸ்கோஸ் ஈரத்தில் பலம் பெரிதும் இழக்கும். முறுக்கிப் பிழிந்தால் கிழியும். பருத்தி நேர்மாறு, நனைந்தால் பலம் கூடும்.

கொடியில்_காய்வது:

எண்ணிக்கை: போட்டிருப்பதையும் சேர்த்து ஆளுக்கு மேல்துணி 4 (வறண்ட ஊருக்கு முழுக்கை 2, கடலோரத்துக்கு மெல்லியது 2), கீழே 2, உள்ளாடை 5, சாக்ஸ் 3. ஏசி பேருந்துக்கு மெல்லிய கம்பளி மேலாடை ஒன்று. பேருந்து ஏறும் முன் பனியனை மாற்றிவிடுங்கள். ஈரத் துணியோடு ஏசியில் உட்கார்ந்தால் எந்தப் போர்வையும் குளிரை நிறுத்தாது. பெரிய பருத்தித் துண்டு ஒன்று, ஏறக்குறைய 1 மீட்டருக்கு 2 மீட்டர்: போர்வை, தலைமறைப்பு, கீழே சொல்லும் வேலை மூன்றுக்கும். வறண்ட ஊரில் அதை நனைத்துக் கழுத்தில் போட்டால் குளிரும். கடலோரத்தில் அதே வித்தை ரொம்ப எடுபடாது, தண்ணீர் ஆவியாகாமல் வெதுவெதுப்பாகிவிடும்.

துவைப்பது வந்ததும் அன்றே, வியர்வை காய்ந்து இறுகும் முன். வாளியில் சோப்பு கொஞ்சம்தான்; அலசல் இரண்டு தரம், ஏனென்றால் தங்கிய சோப்பு மறுநாள் வியர்வையில் கரைந்து அரிக்கும். கையால் பிழிந்தபின் காய்ந்த துண்டை விரித்து, மேலே துணியைப் பரப்பி, பாய் மாதிரி இறுகச் சுருட்டுங்கள். சுருளின் மேல் ஏறி இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மிதியுங்கள். தண்ணீர் துண்டுக்குப் போய்விடும், காயும் நேரம் பாதிக்குப் பாதி குறையலாம். டீ-ஷர்ட்டைக் கயிற்றில் மடித்துப் போடாமல் ஹேங்கரில் மாட்டி, இரண்டு பக்கமும் ஒட்டாமல் விரித்து, மின்விசிறிக்கு நேர் கீழே வையுங்கள். கடைசியில் ஈரம் நிற்கும் இடங்கள் இடுப்பு எலாஸ்டிக், காலர், பாக்கெட்டின் அடி. அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டே மடியுங்கள். உள்ளாடை அரைகுறை ஈரமாக இருந்தால் போடவே வேண்டாம், படர்தாமரைக்கு அது போதும்.

புதுத் துணிகளைக் கிளம்பும் முன் எப்படியும் ஒருதரம் துவைத்துவிடுங்கள். பருத்தி டீ-ஷர்ட்டும் லினனும் முதல் துவைப்பில்தான் அதிகம் சுருங்கும். அடர்நிறமாக இருந்தால் நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் உள்தையலில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் அக்குளிலும் ஏறும், பையில் பக்கத்திலிருக்கும் வெள்ளைச் சட்டையிலும் ஏறும்.