தென்னை அடியில வர்ற காளான், எந்த இனம்னு கண்டுபிடிக்க உதவி வேணும்

எல்லாருக்கும் வணக்கம். பட்டுக்கோட்டை பக்கம் எங்க தோப்புல காய்ஞ்சுபோன தென்னை அடிமரத்துலயும் பக்கத்துல வெட்டுன வேப்பங்கட்டையிலயும் அரைவட்டமா, செவப்பு கலந்த பழுப்புல, வார்னிஷ் அடிச்ச மாதிரி பளபளன்னு காளான் வந்திருக்கு, அடிப்பக்கம் வெள்ளை, நகத்தால கீறுனா உடனே பழுப்பாயிடுது, சுத்தியுள்ள இலை மேலெல்லாம் பழுப்புத் தூளா கொட்டிக் கிடக்கு. கானோடெர்மாங்கற காளான் பேரினந்தான், ஆனா அதுல எந்த இனம்?

கானோடெர்மாவால தென்னைக்கு வர்ற தஞ்சாவூர் வாடல் நோய் பத்தின பழைய கட்டுரைங்க பலதுல கானோடெர்மா லூசிடம்னுதான் போட்டிருக்காங்க. அந்தப் பேரு 1781ல இங்கிலாந்துக் காளானுக்கு கர்டிஸ்ங்கற தாவரவியலாளர் வச்சது. சீனாவுல மருந்துக்கு வளர்க்கறதையே 2012ல லிங்ஸின்னு தனி இனமா பிரிச்சுட்டாங்க, அப்படி இருக்கறப்ப நம்ம தென்னையில வர்றத இன்னும் லூசிடம்னே எழுதறது எனக்கு சரியாப் படல. வேம்புல இருக்கறதும் தென்னையில இருக்கறதும் ஒண்ணுதானான்னும் தெரியணும், ஏன்னா ஒண்ணுன்னா அங்கிருந்து தென்னைக்குப் பரவாம இருக்க அந்த வேப்பங்கட்டைய வேரோட எடுத்தே ஆகணும்.

தாவர நோயியல் இல்ல பூஞ்சையியல் படிச்சவங்க யாராவது ஸ்போர (காளானோட விதை மாதிரியான தூள்) மைக்ரோஸ்கோப்புல பார்த்துச் சொல்ல முடியுமா? டிஎன்ஏ பார்க்கற வசதி இருந்தா ரொம்ப நல்லது, நிழல்ல உலர்த்தி பேப்பர் கவர்ல போட்டு அனுப்பறேன். மத்த மாவட்டத்துக்காரங்க இதே மாதிரி பார்த்தா மேல், அடி, குறுக்கா வெட்டுன பக்கம் மூணையும் போட்டோ எடுத்து, என்ன மரம், உயிரோட இருக்கா பட்டுப்போச்சான்னும் சேர்த்துப் போடுங்க. மரத்தோட பேர் இல்லாத போட்டோவ வச்சு ஒண்ணும் பண்ண முடியல.