தாய்லாந்து நீண்டநாள் விசா: ஸ்டாம்புக்காக எல்லைக்குப் போய்வருவது, வழி வாரியாக அனுபவங்கள்

மேகாங்கரை:
புதுசா வர்றவங்க முதல்ல தன் கேஸ் எதுன்னு பார்த்துக்கணும். எல்லைக்குப் போய்வர வேண்டியது மல்டிபிள் என்ட்ரி (பலமுறை நுழையக்கூடிய) நான்-ஓ (நான்-இமிகிரன்ட் ஓ) விசாக்காரர்களும் டிடிவி (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா) விசாக்காரர்களும்தான். நான்-ஓவில் நுழையும்போதெல்லாம் 90 நாள், டிடிவியில் 180 நாள் தங்கலாம். அது முடியும் முன் வெளியே போய்த் திரும்பி நுழைந்தால் புது ஸ்டாம்பில் மறுபடி அதே அளவு நாள். குடிவரவு ஆபீசில் 1,900 பாட் கட்டி ஒரு வருட நீட்டிப்பு வாங்கியவர்களுக்கு இந்த அலைச்சல் எதுவும் கிடையாது. 90 நாளுக்கு ஒருமுறை டிஎம்-47 என்ற இருப்பிட அறிவிப்புப் படிவம் கொடுத்தால் முடிந்தது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, ரீ-என்ட்ரி பெர்மிட் (திரும்பி நுழைய முன்கூட்டியே எடுக்கும் அனுமதி) எடுக்காமல் எல்லை தாண்டினால், அந்த ஒரு வருடமும் எக்ஸிட் ஸ்டாம்ப் விழுந்த நொடியில் போச்சு. பெர்மிட் ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. அதை மிச்சம் பிடிக்கப்போய் மொத்தத்தையும் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டிவரும்.

அடுத்தது நாள் கணக்கு. வந்த நாளே முதல் நாள். 2026 ஜனவரி 1 நுழைந்தால் 90ஆவது நாள் மார்ச் 31, 180ஆவது நாள் ஜூன் 29. "மூணு மாசம்"னு விரல் விட்டு எண்ணி ஏப்ரல் 1 எல்லைக்குப் போய் நின்றால் ஒருநாள் ஓவர்ஸ்டே, அதாவது அனுமதி தாண்டித் தங்கியது. அபராதம் நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000. பணத்தைவிட, பாஸ்போர்ட்டில் ஏறும் அந்தக் குறிப்புதான் தொல்லை.

பட்டாயா வாசி:
இந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கு முன்பெல்லாம் கம்போடிய எல்லையில் உள்ள சந்தபுரி பான் லேம் சாவடிக்குப் போய்விட்டு அன்றைக்கே திரும்புவதுதான் பழக்கம். 2025 ஜூனில் கம்போடிய நில எல்லைகளைத் தாய்லாந்து மூடியதோடு அந்தக் கதை முடிந்தது. பாய்பெட், ஹாட் லெக் போன்ற மற்ற எல்லைச் சாவடிகளும் அதே நிலைதான். பழைய விளம்பரங்கள் இன்னும் வலையில் கிடக்கின்றன. "கேம்போடியா ஒருநாள் ட்ரிப்" என்று பார்த்தவுடன் முன்பணம் கட்டாதீர்கள். அன்றைய தேதிக்கு அந்தச் சாவடி திறந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு பேசுங்கள்.

இதனால்தான் கடைசி நாளில் போகாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். ஐந்தாறு நாள் முன்னதாகப் போனால் அந்த ஐந்தாறு நாள் வீண்தான். ஆனால் ஒரு சாவடி மூடியிருந்தால் இன்னொன்றுக்குப் போக அந்த நாட்கள்தான் கைகொடுக்கும்.

தெற்கு ரயில்:
செலவு குறைவு, உடம்புக்கும் அலுப்பில்லை என்று பார்த்தால் என் ஓட்டு மலேசிய எல்லையில் உள்ள பாடாங் பெசாருக்கு. ஹாட் யாயிலிருந்து ஷட்டில் ரயில், 50 பாட், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். ஸ்டேஷன் கட்டடத்துக்குள்ளேயே தாய்லாந்து கவுன்டரும் மலேசிய கவுன்டரும் இருக்கின்றன. தாய் எக்ஸிட், மலேசிய என்ட்ரி, ஒரு டீ, மலேசிய எக்ஸிட், தாய் என்ட்ரி. வெயிலில் பை தூக்கிக்கொண்டு நடக்கிற வேலையே இல்லை.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு மலேசியா 2026 கடைசி வரை 30 நாள் விசா கேட்பதில்லை. ஆனால் எம்டேக் என்ற டிஜிட்டல் வருகை அட்டையைப் புறப்படும் முன்பே போட்டுவிட வேண்டும். வருகைக்கு 3 நாள் முன்பிலிருந்துதான் ஏற்கும், கட்டணம் கிடையாது. கவுன்டருக்கு வந்து நின்றுகொண்டு போனில் தட்டுகிறவர்களால்தான் வரிசை நகர்வதில்லை.

சறுக்குவது நேரத்தில். மலேசியா ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஷட்டில் தாய் நேரப்படி, மலேசிய ரயில்கள் மலேசிய நேரப்படி. வந்த ஷட்டிலே அரை மணிக்கு மேல் கொஞ்சம் நின்று திரும்பிவிடும். கூட்டம் குறைவாக இருந்தால் அதையே பிடிக்கலாம், தவறினால் அடுத்ததற்குப் பல மணி நேரம். மலேசியாவுக்கான சடாவ் சாலை வழி வேண்டாம் என்று சொல்லமாட்டேன், வெள்ளிக்கிழமை மாலையும் மலேசியப் பள்ளி விடுமுறையும் தாய் புத்தாண்டான சொங்க்ரானும் மட்டும் தவிர்க்கவும். அன்றைக்கு மலேசியக் கார்கள் எல்லாம் ஹாட் யாய் பக்கம்தான் திரும்பியிருக்கும்.

மேகாங்கரை:
பாங்காக்கில் இருப்பவர்களுக்கு லாவோஸ் எல்லையில் உள்ள நோங் காய் வழி. ஹோட்டல் செலவே இல்லாமல் முடிக்கலாம். 2024 ஜூலையிலிருந்து 133ஆம் எண் ரயில் க்ருங் தெப் அபிவத் ஸ்டேஷனில் இரவு ஏறினால் மறுநாள் காலை லாவோஸ் தலைநகர் வியன்டியானின் கம்சவாத் ஸ்டேஷன் வரை போகிறது. 134 அன்று மாலையே திரும்புகிறது. ரெண்டு இரவு படுக்கை, நடுவில் ஒரு பகல் ஊர் சுற்றல். ஏசி இரண்டாம் வகுப்புப் படுக்கை ஒரு வழிக்கு 800 முதல் 900 பாட் வாக்கில். கீழ்ப் படுக்கைக்குக் கொஞ்சம் கூட, அதையே எடுங்கள். மேலே வெளிச்சமும் ஏசிக் காற்றும் முகத்துக்கு நேராக அடிக்கும், படுத்தபடி நிமிரவும் முடியாது. நோங் காயில் பையோடு இறங்கி எக்ஸிட் ஸ்டாம்ப் போட்டுக்கொண்டு அதே ரயிலில் ஏற வேண்டும். பையை இருக்கையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சாலை வழியாகப் போனால் முதல் தாய்–லாவோ நட்புப் பாலம், 1994இல் திறந்தது. பாலத்தில் நடந்துபோக விடமாட்டார்கள், சின்னத் தொகைக்கு ஷட்டில் பஸ் உண்டு.

லாவோஸ் வந்திறங்கி எடுக்கும் விசாவுக்கு டாலரே கொண்டுபோங்கள், 40 டாலர் வாக்கில். தாய் பாட் கொடுத்தால் அவர்கள் வைத்ததுதான் ரேட். நோட்டு முனை கிழிந்திருந்தாலோ பேனாக் கிறுக்கல் இருந்தாலோ திருப்பித் தள்ளிவிடுவார்கள். ஒரு போட்டோ, 6 மாதத்துக்குமேல் செல்லும் பாஸ்போர்ட்.

பலரும் கணக்கில் எடுக்காதது பாஸ்போர்ட் பக்கம். லாவோஸ் ஸ்டிக்கர் ஒரு முழுப் பக்கத்தை விழுங்கும், பிறகு நாலு ஸ்டாம்ப். ஒரு நடைக்கு ஏறத்தாழ ரெண்டு பக்கம். 90 நாள் ஆள் வருஷத்துக்கு நாலு தடவை போனால் 36 பக்க பாஸ்போர்ட்டில் எட்டு பக்கம் தீர்ந்துவிடும். மலேசியாவில் நாலு ஸ்டாம்பும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். இந்தக் கணக்கு தெரிந்தவர்கள் புதுப்பிக்கும்போது 60 பக்கம் கேட்டு வாங்குகிறார்கள்.

சியாங் மாய் பக்கம்:
எங்களுக்கு லாவோஸ் போக சியாங் கோங்–ஹுவாய் சாய் நாலாவது நட்புப் பாலம். 2013இல் திறந்தது, இங்கேயும் பஸ்தான், நடை கிடையாது. வேனில் போகிறவர்கள் பின் வரிசையை விட்டுவிடுங்கள், மலைச் சாலைக்குக் குடலே புரண்டுவிடும். இன்னொன்று, வேனில் ஒருத்தர் ஆவணம் குறைந்து கவுன்டரில் மாட்டினால் மீதிப் பேர் அத்தனை பேரும் அவருக்காகக் காத்திருக்க வேண்டும். விலை சொல்லும்போதே லாவோஸ் விசா அதில் சேர்த்தியா இல்லையா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் சேர்த்தி இல்லை.

ஸ்டாம்ப்பைப் படி:
திரும்பி நுழையும்போது நடக்கும் தப்பை யாரும் சொல்லவில்லையே. 2025 தொடக்கத்திலிருந்து எல்லாத் தூதரகங்களிலும் இ-விசாதான். பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் இல்லை. அதிகாரி பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்தால் விசா விலக்கில் (விசா இல்லாமல் வருபவர்களுக்கான அனுமதி) ஸ்டாம்ப் அடித்துவிடுவார். இ-விசா அச்சுப்பிரதியைப் பாஸ்போர்ட்டுக்குள் செருகி நீட்டுங்கள், வாயாலும் சொல்லுங்கள். நில எல்லை வழியாக விசா விலக்கு நுழைவு ஒரு காலண்டர் வருஷத்துக்கு ரெண்டு முறைதான், அந்தக் கணக்கிலும் வீணாக ஒன்று போய்விடும்.

ஸ்டாம்ப் விழுந்ததும் கவுன்டரை விட்டு நகராமல் ரெண்டு இடத்தைப் படியுங்கள்: விசா வகை எழுதிய இடம், "இத்தனாம் தேதி வரை" என்ற இடம். மை கலங்கி 1-ம் 7-ம் ஒரே மாதிரி தெரிந்தால் அங்கேயே கேளுங்கள். அப்போது திருத்த ஒரு நிமிஷம். ஊர் வந்தபிறகு கண்டுபிடித்தால் அதே சாவடிக்குத் திரும்பிப் போகச் சொல்லுவார்கள்.

தாய்லாந்தின் டிஜிட்டல் வருகை அட்டையான டிடேக் 2025 மே 1 முதல் கட்டாயம். அன்றைக்கே போய்த் திரும்பினாலும் புதுசாக ஒன்று போட வேண்டும், பழையது செல்லாது. இதுவும் 3 நாளுக்குள், இதுவும் இலவசம். காசு கேட்கிற தளம் வந்தால் அது குடிவரவுத் துறையுடையது இல்லை.

தெற்கு ரயில்:
அதோடு ஒன்று. விசாவின் கடைசி நுழைவுத் தேதிக்கு ஓரிரு நாள் முன்னால் நுழைந்தால் அப்போதும் முழு 90 நாள் கிடைக்கும், ஒரு வருட நான்-ஓ ஏறத்தாழ 15 மாதம் ஓடும். அந்தக் கடைசி 90 நாளுக்குள் ஊருக்குப் போக நேர்ந்தால் கிளம்பும் முன் ரீ-என்ட்ரி பெர்மிட் எடுங்கள். அப்போது விசா செத்திருக்கும், அந்த ஸ்டாம்ப் மட்டும்தான் உயிரோடு.