ராக்கிகடி 61 சதவீதமாம்!

தாண்டிக்குடி மிளகு (திரி தொடங்கியவர்), காலை 6.40
நேத்து ராத்திரி நம்ம மலைக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல கோடை மேகம் அண்ணன் ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டாரு. வம்சம் பார்க்கிற எச்சில் டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தாராம். ‘சிந்துவெளி, ராக்கிகடி: 61%’னு பச்சையா ஒரு பட்டை. கீழே அவரே எழுதின வரி: “எங்க வகையறா நேரா ஹரப்பாவுல இருந்து வந்தது, மலையில மத்தவங்க எல்லாம் அப்புறம் வந்தவங்க.” நாப்பது பேரு கைதட்டுற பொம்மை வேற. அங்கே பதில் போட்டா அட்மின் தூக்கிடுவாரு, அட்மின் யாரு மச்சான்னு எல்லாருக்கும் தெரியும். அதனால இங்கே கேக்குறேன்.

ராக்கிகடி அரியானாவுல தோண்டின சிந்துவெளிக் காலத்து ஊரு. அங்கே எத்தனை பேரோட டிஎன்ஏ கிடைச்சுது? ஒருத்தி. ஒரே ஒருத்தி. 2019 செப்டம்பர்ல ‘செல்’ இதழ்ல வசந்த் ஷிண்டே குழு போட்ட கட்டுரை இருக்கு, எடுத்துப் படிங்க. 61 எலும்பு மாதிரி எடுத்துப் பார்த்ததுல வேலைக்கு ஆனது ஒண்ணுதான். அந்த ஒருத்தியை வச்சு ஒரு வகையறாவே பட்டா போடுது.

பூம்பாறை பூண்டு, காலை 6.58
61 மாதிரி, 61 சதவீதம். ராசியான நம்பர். லாட்டரி இருந்தா வாங்கிப் போடலாம்.

கோடை மேகம், காலை 7.25
வந்துட்டேன் தம்பி. முதுகுக்குப் பின்னாடி பேசுறது உங்க ஊர்ப் பழக்கம்னு தெரியும். ஒருத்தி ஒருத்தின்னு குதிக்கிறியே, அதே 2019ல ‘சயின்ஸ்’ இதழ்ல வந்த பெரிய கட்டுரையைப் படிச்சியா? 523 பழங்கால மனுசங்க. அதுல சிந்துவெளி ஆளுங்க 11 பேரு தனியா இருக்காங்க. ஒண்ணும் பதினொண்ணும் பன்னெண்டு. கூட்டத் தெரியுமில்ல?

தாண்டிக்குடி மிளகு, காலை 7.31
அந்த 11 பேரு எங்கே கிடைச்சாங்கன்னு அண்ணன் சொல்ல மாட்டாரு, நான் சொல்றேன். துர்க்மெனிஸ்தான்ல கோனூர், ஈரான்ல ஷாரே சோக்தா. சிந்துவெளிக்கு வெளியே. அந்த ஊர்க்காரங்க மாதிரி இல்லாம தனியா நின்னதால, சிந்துவெளியில இருந்து போனவங்களா இருக்கும்னு ஊகிச்சாங்க. ராக்கிகடிப் பொண்ணு அவங்களோட ஒத்துப்போனதும் ஊகம் பலமாச்சு. சரி. உங்க பட்டையில என்ன எழுதியிருக்கு? ராக்கிகடி. ராக்கிகடியில எத்தனை பேரு? ஒருத்தி.

வத்தலக்குண்டு வாத்தியார், காலை 8.10
இரண்டு பேருக்கும் வணக்கம். ஹரப்பாவுக்கு ஏன் ஓடுகிறீர்கள்? மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கம் கிராமத்தில் எம்130 என்ற மரபணுக் குறியைக் கண்டுபிடித்து உலகமே வியந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியா வரை போன முதல் கூட்டத்தின் தடம் அது. ஆக, முதல் குடி மலைக்குக் கீழே. மேலே இருப்பவர்கள் சற்று அடக்கி வாசிக்கவும்.

செண்பகனூர்ப் பொண்ணு, காலை 8.42
ஐயா, எம்130 ஒய் குரோமோசோம்ல இருக்கிற குறி. அப்பாவோட அப்பாவோட அப்பான்னு போற ஒரே கோடு. பத்துத் தலைமுறை பின்னாடி போனா நமக்கு 1024 முன்னோர் இடம் இருக்கு, அதுல இந்தக் கோடு காட்டுறது ஒருத்தரைத்தான்.

மேகம் அண்ணே, உங்க டிஎன்ஏவைச் சுருக்கித் தந்த 25 எண்ணையும் நீங்களே குரூப்ல போட்டிருந்தீங்க. எடுத்து அதே கணக்குல ஓட்டிப் பார்த்தேன். ராக்கிகடியை எடுத்துட்டு ஷாரே சோக்தாவை வச்சா, பட்டை முக்காவாசி அது மேல ஏறிக்குது. அப்புறம் சும்மா ஒரு விளையாட்டுக்கு இத்தாலித் தீவு சார்டினியா, ஹான் சீனர், நைஜீரியா பக்கத்து யொரூபா மூணை மட்டும் கொடுத்தேன். உங்களை மூணா வகுந்து கூட்டுத்தொகை சரியா 100ன்னு காட்டுச்சு. எதைக் கொடுத்தாலும் அது 100க்குக் கொண்டுவந்து நிறுத்தும். பொருந்துதா இல்லையான்னு சொல்றது மேலே ‘தூரம்’னு வர்ற சின்ன எண்தான். அது கூடுனா பொருந்தலைன்னு அர்த்தம். மூணுல அது எங்கேயோ போயிருச்சு. உங்க ஸ்கிரீன்ஷாட்ல அந்த வரியை வெட்டிட்டுப் போட்டிருக்கீங்க.

கோடை மேகம், காலை 8.55
என்னைச் சீனாக்காரன்னு சொல்றியாம்மா? உங்கப்பா எனக்கு நல்லாப் பழக்கம், அதனால விடுறேன்.

பூம்பாறை பூண்டு, காலை 9.02
சீனப்பூண்டு வந்து எங்க பொழப்பைக் கெடுத்தது போதாதா, இதுல சீன மேகம் வேறயா.

செண்பகனூர்ப் பொண்ணு, காலை 9.04
நான் அப்படிச் சொல்லவே இல்லை அண்ணே.

தாண்டிக்குடி மிளகு, காலை 9.15
பாப்பா சொன்னதைக் கேட்டீங்களா? தூரத்தை வெட்டிட்டாரு! முழுப்படம் போடச் சொல்லுங்க. போட மாட்டாரு. சரி, தூரம் கிடக்கட்டும், நான் கேட்டதுக்குப் பதில் வரலை. ஒருத்தியா இல்லையா?

பழனி அடிவாரம், காலை 9.40
பொருந்தல் எங்க ஊருக்குப் பக்கத்துல. பழைய கல்லறையைத் தோண்டினப்ப நாலுகால் ஜாடியில நெல்லு கிடைச்சுது, காலம் கி.மு. 490. மலையடிவாரத்துல நெல்லு தின்னு வாழ்ந்தவன் இருக்கான். அவன் டிஎன்ஏவோட ஒப்பிடுங்கய்யா, அரியானாவுல என்ன இருக்கு?

தாண்டிக்குடி மிளகு, காலை 9.44
நெல்லுக்குச் சதவீதம் போட முடியாதுங்க. அந்தக் கணக்குல ராக்கிகடி இருக்கு, பாகிஸ்தான் ஸ்வாத் இருக்கு, ஈரான் இருக்கு. தமிழ்நாட்டு எலும்புன்னு பட்டியல்ல ஒண்ணும் இல்லை, மேலிருந்து கீழே ரெண்டு தடவை பார்த்துட்டேன். கொந்தகைத் தாழி இல்லை, ஆதிச்சநல்லூர் இல்லை, பெரிய பலகைக்கல்லு வச்சுக் கட்டின நம்ம மலைப் பழங்காலக் கற்திட்டை இல்லை. கடையில இருக்கிற சட்டையில எது கிட்டத்தட்டப் பத்துதோ அதை மாட்டி அனுப்புறான். அந்தச் சட்டைதான் ராக்கிகடி. அதுவும் ஒரே சட்டை.

கோடை மேகம், காலை 10.20
கற்திட்டையைப் பத்தி நீ பேசாதே. உங்க காபிக் களத்துல துணி துவைக்கிற பலகைக்கல்லு எங்கேயிருந்து வந்துச்சு? ஊர்ல எல்லாருக்கும் தெரியும்.

தாண்டிக்குடி மிளகு, காலை 10.26
அது எங்க தாத்தா காலத்துல இருந்து கிடக்கு. ஆங்கிலேட் பாதிரியார் 1928ல இந்த மலைக் கற்திட்டைகளைப் பத்தி எழுதி வச்சாரே, அதுல எங்க களம் இருக்கான்னு காட்டுங்க, நானே தூக்கிக் கொண்டுபோய் செண்பகனூர் மியூசியத்துல வைக்கிறேன். உங்க ஹோம்ஸ்டே பார்க்கிங் எது மேல கிடக்குன்னு நானும் எழுதவா? இ-பாஸ் சண்டையிலயும் இப்படித்தான் பேச்சை மாத்துனீங்க.

பூம்பாறை பூண்டு, காலை 10.31
முதல் டெஸ்ட் என்னாச்சுன்னு மேகம் அண்ணன் சொல்லலையே? அமெரிக்க மச்சினன் கொண்டாந்த குழாய்ல, வெத்தலை போட்ட வாயோட துப்பியிருக்காரு. அரை மணி நேரம் ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னு பெட்டி மேலயே எழுதியிருக்கு. கோடு வரைக்கும் சிவப்பா நின்னுச்சாம். ‘மாதிரி செல்லாது’ன்னு மெயில் வந்துச்சு. ரெண்டாவதுதான் இந்த 61.

கோடை மேகம், காலை 10.38
இதை உன்கிட்டே சொன்னவன் யாருன்னு எனக்குத் தெரியும்.

செண்பகனூர்ப் பொண்ணு, காலை 11.05
கடைசியா ஒண்ணு சொல்லிட்டுப் போறேன், லேபுக்கு நேரமாச்சு. ‘மத்தவங்க அப்புறம் வந்தவங்க’ன்னு அண்ணன் எழுதினதுதான் எனக்கு உறுத்துது. அவர் சொல்ற ‘சயின்ஸ்’ கட்டுரையிலேயே நம்ம மலைப் பழங்குடி பளியர் இருக்காங்க. ராக்கிகடிப் பொண்ணுகிட்ட இருந்த ஈரான் பக்கத்து வம்சக்கூறு அவங்ககிட்டயும் இருக்கு. இங்கேயே இருந்த வேட்டையாடி வாழ்ந்த பழைய குடிகளோட அது கலந்தது சுமார் 107 தலைமுறைக்கு முந்தி, தலைமுறைக்கு 28 வருசம்னு வச்சா கி.மு. 1700க்கும் 400க்கும் நடுவுல. மலையில யாரை எடுத்தாலும் ரெண்டும் இருக்கும், அளவுதான் கூடக்குறைய. இதுல யாரு முதல், யாரு அப்புறம்?

வத்தலக்குண்டு வாத்தியார், காலை 11.30
‘பளியர்’ அன்று அம்மா, ‘பழையர்’ என்பதன் திரிபு. ஆகவே ‘பழியர்’ என்று எழுதுவதே முறை.

பழனி அடிவாரம், காலை 11.36
அவங்க தங்களைப் பளியர்னுதான் சொல்றாங்க. அவங்க பேரை அவங்களுக்கே திருத்திக் கொடுக்கிறீங்களா வாத்தியாரே?

வத்தலக்குண்டு வாத்தியார், காலை 11.41
முப்பத்திரண்டு ஆண்டு தமிழ் நடத்தியவன் நான்.

பழனி அடிவாரம், காலை 11.43
தெரியும். நானும் உங்ககிட்டே படிச்சு ஃபெயிலானவன்தான்.

தாண்டிக்குடி மிளகு, பகல் 12.15
ழ, ள சண்டையைத் தனித் திரியில வச்சுக்கங்க. இது என் திரி. அஞ்சு மணி நேரமா கேக்குறேன், ஒருத்தியா இல்லையா? ‘ஆமா, ஒருத்திதான்’னு எழுதுறதுக்கு அண்ணனுக்கு என்ன குறைஞ்சு போகும்? குரூப்ல போட்டதை அழிக்கச் சொல்லலை. பக்கத்துல அடைப்புக்குறி போட்டு ‘ஒரே ஒரு பெண்’னு சேர்க்கச் சொல்றேன்.

கோடை மேகம், பகல் 12.50
தம்பிக்கு மிளகு காயப்போடுற வேலை இல்லை போல. எங்கம்மாவுக்கும் ஒரு பெட்டி சொல்லியிருக்கேன். அவங்களுக்கு வெத்தலைப் பழக்கம் கிடையாது. ரிசல்ட் வரட்டும், 70 தாண்டும். அப்ப வந்து பேசு.

தாண்டிக்குடி மிளகு, பகல் 12.52
அம்மாவுக்கு 90 வந்தாலும் ராக்கிகடியில ஒருத்திதான்.

பழனி அடிவாரம், பகல் 1.20
அது சரி மிளகு, அந்தத் துவைக்கிற கல்லை ஒரு போட்டோ எடுத்துப் போடேன். பார்ப்போம்.

பூம்பாறை பூண்டு, பகல் 1.24
ஈரத்துணியை எடுத்துட்டு எடுங்க அண்ணே.