லெஸ்டர்ஷையர் தொல்லியல் சங்கத்தில் சேர நினைக்கிறேன், அங்கே என்னதான் செய்வார்கள்?

வைகைத்தம்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில், லெஸ்டர் நகருக்குப் பக்கத்தில் ஓட்பியில் குடியிருக்கிறோம். கணினித் துறையில் வேலை. சொந்த ஊர் திருப்புவனம் பக்கம். கீழடியில் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் குழி ஓரமாகப் போய் நின்று பார்ப்பேன். சின்ன வயதில் சைக்கிளில் கடந்து போன தென்னந்தோப்புகளுக்கு அடியில் இவ்வளவு இருந்திருக்கிறதே என்ற நினைப்பு என்னை விடவே இல்லை.

இங்கே நூலகத்தில் ஓர் அறிவிப்பைப் பார்த்தேன். கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) முழுவதற்குமான தொல்லியல், வரலாற்றுச் சங்கம், மாலை நேரச் சொற்பொழிவு, உழுத வயலில் நடந்து தேடுவது, பானை ஓடு கழுவுவது என்றெல்லாம் போட்டிருந்தார்கள். நம்மைப் போன்றவர்களைச் சேர்த்துக்கொள்வார்களா? பட்டம் ஏதாவது வேண்டுமா? மகளுக்கு 11 வயது, அவளையும் கூட்டிப் போகலாமா? அலுவலக நண்பர் ஒருவர், "சங்கமெல்லாம் எதுக்கு, ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கிக்கோ, நாமளே தேடலாம்" என்கிறார். அது சரிப்படுமா?

செங்கமலம் எழுதியது:

தம்பி, பட்டமெல்லாம் வேண்டாம். சந்தா கட்டினால் போதும். நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், வரலாறு படித்தவள் இல்லை. பல வருடங்களாக இந்தக் கவுண்டியின் வயல்களில் நடந்துகொண்டிருக்கிறேன்.

இங்கே இரண்டு அமைப்புகள் உண்டு. லெஸ்டர்ஷையர் தொல்லியல் வரலாற்றுச் சங்கம் 1855இல் தொடங்கியது. குளிர்காலத்தில் சொற்பொழிவுகள் நடக்கும், ஆய்விதழ் ஒன்று வரும், நகரத்தின் பழைய கில்டுஹால் கட்டடத்தில் நூலகம் இருக்கிறது. வயலில் இறங்குபவர்கள் லெஸ்டர்ஷையர் ஃபீல்டுவொர்க்கர்ஸ் என்ற குழுவினர். கவுண்டி அருங்காட்சியகத்தின் முயற்சியில் 1976இல் உருவானது. இரண்டிலும் இருப்பவர்கள் நிறையப் பேர். கீழடிக் குழி ஓரமாக நின்ற ஆளுக்கு வயல்தான் பிடிக்கும், அதனால் இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள்.

வயலில் நடப்பதை இங்கே ஃபீல்டு வாக்கிங் என்பார்கள். அறுவடை முடிந்து, உழுது, அதன்மேல் நல்ல மழை ஒன்றிரண்டு பெய்திருக்க வேண்டும். அப்போதுதான் மண் கழுவப்பட்டு ஓடுகள் மேலே தெரியும். அடுத்த பயிர் உயரமாவதற்குள் போய்விட வேண்டும், ஆகவே இது இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் செய்கிற வேலை. விவசாயியிடம் முன்பே அனுமதி வாங்கிவிடுவார்கள். வயலில் குச்சி நட்டுக் கோடு பிரித்துக்கொண்டு, ஆளுக்கொரு கோட்டில், கண்ணைத் தரையிலிருந்து எடுக்காமல் மெதுவாக நடக்க வேண்டும். மண்ணில் இயற்கையாக இருக்க முடியாத எதையும் எடுக்க வேண்டும். அழகாக இருப்பதை மட்டும் பொறுக்கக் கூடாது. கோட்டில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு பை. பையின் மேல் வயலின் குறியீடு, கோட்டு எண், எத்தனையாவது பகுதி, எல்லாம் எழுதியாக வேண்டும்.

எழுதாத பை குப்பைதான். லேபில் எங்களுக்கு இதே கதை. பெயர் ஒட்டாத ரத்தக் குழாய் வந்தால், உள்ளே இருப்பது எவ்வளவு நல்ல ரத்தமாக இருந்தாலும் பரிசோதிக்க மாட்டோம், யாருடையது என்று தெரியாதே. அந்தப் பழக்கம் எனக்கு இங்கே அப்படியே பயன்படுகிறது.

என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். பெரும்பாலும் நீலப் பூப்போட்ட விக்டோரியா காலத்துப் பீங்கான் சில்லுகளும், களிமண் புகைக்குழாயின் உடைந்த தண்டுகளும்தான். இவை எந்த வயலிலும் இருக்கும். நகரத்துக் கழிவையும் வீட்டுக் குப்பையையும் வண்டியில் ஏற்றி எருவாக வயலில் கொட்டினார்கள், உடைந்த தட்டும் அதோடு போனது. ரோமானியர் காலத்து ஓடும் இப்படி எருவோடு வந்திருக்கலாம். ஆகவே ஓர் ஓட்டை வைத்து இங்கே வீடு இருந்தது என்று சொல்லவே கூடாது. வயல் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் அது எரு. ஓர் இடத்தில் மட்டும் சாம்பல்நிற ஓடு, கூரை ஓட்டுத் துண்டு, எலும்பு எல்லாம் குவிந்து கிடந்தால் அடியில் ஏதோ இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பைகளும் எண்களும். ஒன்றுமே கிடைக்காத பகுதியையும் "இல்லை" என்று பதிவு செய்வோம்.

பிறகு கழுவுவது. பச்சைத் தண்ணீர், மென்மையான பல்துலக்கி, அவ்வளவுதான். உடைந்த விளிம்பை நன்றாகத் தேய்க்கலாம், அங்கேதான் மண்ணின் தன்மை தெரியும். மேல்பரப்பில் கை வைக்காதீர்கள், பூச்சு போய்விடும். உலோகத்தைக் கழுவவே கூடாது. செய்தித்தாளில் பரப்பி நிழலில் காயவைத்து, பிறகு ஒவ்வொன்றின் உட்புறத்திலும் மெல்லிய பேனாவால் எண் எழுத வேண்டும். அந்த மேசையில்தான் நான் எல்லாம் கற்றுக்கொண்டேன். பக்கத்தில் இருப்பவர் ஓர் ஓட்டை எடுத்துப் பார்த்துவிட்டு "பாட்டர்ஸ் மார்ஸ்டன்" என்பார். இந்தக் கவுண்டியிலேயே பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் சுட்ட பானை. கொஞ்ச நாளில் நமக்கும் கண் பழகிவிடும்.

பளபளவென்று சிவப்பாக ஒன்று வந்தால் அது சேமியன் என்ற ரோமானியர் காலத்துப் பானை ஓடு, இன்றைய பிரான்ஸ் பகுதியில் செய்து கப்பலில் வந்தது. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அரிக்கமேடுதான் நினைவுக்கு வரும். நான் புதுச்சேரிக்காரி. சேமியனுக்கு மூத்த உறவான இத்தாலியச் சிவப்புப் பானை ஓடுகளை வைத்துத்தான் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1945இல் அரிக்கமேட்டுக்குக் காலம் கணித்தார். அவரிடம் வெருலேமியம் என்ற இங்கிலாந்து ரோமானிய நகரத்தில் பயிற்சி பெற்ற கேத்லீன் கெனியன் 1936 முதல் 1939 வரை லெஸ்டரில் ஜூரி வால் பகுதியைத் தோண்டினார். அது ரோமானியக் குளியல் கூடம், சுவர் இன்னும் நிற்கிறது. மகளோடு போய்ப் பாருங்கள்.

டிடெக்டர் விஷயத்துக்கு வருகிறேன். இப்போது வாங்காதீர்கள். கருவி மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்தக் கவுண்டியில் ஹாலட்டன் என்ற ஊரின் களக்குழு 2000ஆம் ஆண்டில் கண்டுபிடித்ததில் டிடெக்டருக்கும் பங்கு உண்டு. ஆனால் நடந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் வயலில் நடந்தார்கள். ஓடும் விலங்கு எலும்பும் ஓரிடத்தில் தென்பட்டன. அதற்குப் பிறகுதான் டிடெக்டர் வந்தது, நாணயங்கள் வந்தன. உடனே தோண்டாமல், வெளியே சொல்லாமல், அதிகாரிகளுக்குத் தெரிவித்துவிட்டுக் காத்திருந்தார்கள். லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பிரிவு வந்து முறையாகத் தோண்டியது. 5,000க்கும் மேற்பட்ட நாணயங்கள், பெரும்பாலும் அந்தப் பகுதியின் கோரியல்டாவி மக்கள் அடித்தவை. வெள்ளித் தகடு போர்த்திப் பொன் பூசிய ரோமானியக் குதிரைவீரன் தலைக்கவசம் ஒன்று. அந்தக் கவசத்தை மண்கட்டியோடு எடுத்து, துண்டு துண்டாகச் சேர்த்து முடிக்கப் பத்து வருடத்துக்குப் பக்கம் ஆனது. அங்கே குவிந்திருந்த பன்றி எலும்புகளை வைத்துத்தான் அது ஏதோ வழிபாட்டு இடம், அங்கே விருந்துகள் நடந்தன என்று சொல்ல முடிந்தது. ஒருவர் இரவில் தனியாகப் போய் நாணயங்களை மட்டும் அள்ளியிருந்தால் பன்றியும் இல்லை, கோயிலும் இல்லை. அந்தப் புதையலை மார்க்கெட் ஹார்பரோ ஊர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

மகளைத் தாராளமாகக் கூட்டி வாருங்கள், நீங்கள் கூடவே இருக்க வேண்டும். யங் ஆர்க்கியாலஜிஸ்ட்ஸ் கிளப் என்று 8 வயது முதல் பிள்ளைகளுக்கென்றே நாடு முழுக்கக் கிளைகள் இருக்கின்றன. அதையும் விசாரியுங்கள்.

கென்ட்குமரன் எழுதியது:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வயல் இல்லாத இடத்திலும் வேலை உண்டு. எங்கள் பக்கம் ஊருக்குள்ளேயே, வீட்டுத் தோட்டங்களில் சோதனைக் குழி போடுகிறோம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். புல்லை அப்படியே பாய்போல வெட்டி எடுத்து வைத்துவிட்டு, 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு அடுக்காகத் தோண்டி, மண்ணைச் சலித்து, ஒவ்வொரு அடுக்கிலும் கிடைத்ததைத் தனித்தனியாக வைப்போம். வார இறுதிக்குள் மூடிப் புல்லைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். ஒரு குழி பெரிதாக ஒன்றும் சொல்லாது. ஊர் முழுக்க இருபது, முப்பது குழி சேர்ந்தால் எந்த நூற்றாண்டில் ஊர் எந்தப் பக்கம் இருந்தது, எப்போது சுருங்கியது என்று தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நான் முதலில் போன சங்கத்தில் (பெயர் வேண்டாம்) சொற்பொழிவு முடிந்து தேநீர் குடிக்கும்போது என்னோடு பேச ஒருவரும் வரவில்லை. சில மாதங்கள் போய்விட்டு நின்றுவிட்டேன். பிறகு வேறு குழுவில் சேர்ந்த பிறகுதான் இதில் ஆர்வம் ஒட்டிக்கொண்டது. முதல் அனுபவத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

செங்கமலம் எழுதியது:

குமரன் சொல்வது நடக்கிற விஷயம்தான், படிக்கவே வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் சொற்பொழிவை விடக் கழுவும் மேசைக்கு முதலில் போகச் சொல்கிறேன். எதிரும் புதிருமாக உட்கார்ந்து கையில் ஓட்டை வைத்திருக்கும்போது பேசாமல் இருக்கவே முடியாது. "இது என்ன" என்று கேட்டால் போதும், மூன்று பேர் பதில் சொல்வார்கள்.

பெல்கிரேவ்பாரதி எழுதியது:

எல்லோரும் மண்ணையே பேசுகிறீர்கள். சங்கத்தின் பெயரில் வரலாறும் இருக்கிறதே! ஓட்பிக்குப் பக்கத்து ஊரான விக்ஸ்டனில் கவுண்டியின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள். தேவாலயப் பதிவேடுகளை 1538இலிருந்து வைக்கச் சொல்லி அரசு உத்தரவு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் அதில் தேடலாம். அதைவிட எனக்குப் பிடித்தது, இறந்தவர் வீட்டில் இருந்த சாமான்களை அறை அறையாக எழுதி வைத்த பட்டியல்கள். எத்தனை பசு, எத்தனை பித்தளைப் பாத்திரம், மாடியில் சேமித்த தானியம் எவ்வளவு என்று எல்லாம் இருக்கும். கையெழுத்துதான் சிரமம். அந்தக் காலத்து எழுத்தைப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்புகள் நடக்கும், விடாதீர்கள்.

இன்னொன்று. லெஸ்டரின் வரலாறு ரோமானியரோடு முடியவில்லை. 1972இல் உகாண்டாவின் ஆட்சியாளர் இடி அமீன் அங்கிருந்து ஆசியர்களை 90 நாளில் வெளியேறச் சொன்னபோது, லெஸ்டருக்கு வராதீர்கள் என்று நகர மன்றமே அங்கத்திய நாளிதழில் விளம்பரம் கொடுத்தது. வந்தவர்கள்தான் இன்று நான் இருக்கும் பெல்கிரேவ் சாலையை உருவாக்கினார்கள். அந்தத் தலைமுறை வயதாகிப் போய்க்கொண்டிருக்கிறது. அவர்கள் பேச்சைப் பதிவு செய்வதும் உள்ளூர் வரலாற்று வேலைதான். அவர்களில் பலர் பேசும் குஜராத்தி தெரியாவிட்டாலும் ஒலிப்பதிவு செய்யவும் ஆங்கிலப் பேச்சைத் தட்டச்சு செய்யவும் ஆள் தேவை. கணினி தெரிந்த உங்களைப் போன்றவர்கள் வந்தால் எவ்வளவு உதவியாக இருக்கும்!

வைகைத்தம்பி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. செங்கமலம் அக்கா, இரண்டு சந்தேகம். வயலில் எடுத்த பொருள் யாருக்குச் சொந்தம்? அப்புறம், இவ்வளவு பைகளும் எண்களும் கடைசியில் எங்கே போகின்றன?

செங்கமலம் எழுதியது:

சாதாரணப் பொருள்கள் நிலத்துக்காரருக்குச் சொந்தம். பெரும்பாலான விவசாயிகள் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிடுவார்கள். 300 வருடத்துக்கு மேற்பட்ட தங்கம், வெள்ளிப் பொருள், ஒரே இடத்து நாணயக் குவியல் போன்றவை 1996ஆம் வருடப் புதையல் சட்டத்தில் வரும். 14 நாளுக்குள் கொரோனருக்கு (மரணங்களையும் புதையலையும் விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்த இடத்தில் அனுமதியில்லாமல் டிடெக்டரோடு இறங்குவதே குற்றம், உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். எங்கள் பதிவுகள் கவுண்டியின் வரலாற்றுச் சூழல் பதிவேட்டுக்குப் போகின்றன. வரைபடத்தில் ஒரு புள்ளியாக உட்காரும். நாளைக்கு அந்த வயலில் முந்நூறு வீடு கட்ட விண்ணப்பம் வந்தால், அனுமதி கொடுப்பதற்கு முன் திட்ட அதிகாரிகள் அந்தப் பதிவேட்டைப் பார்க்கிறார்கள். 1990இலிருந்து, அடியில் ஏதாவது இருக்க வாய்ப்பிருந்தால் கட்டுபவர் செலவிலேயே முதலில் ஆய்வு செய்யச் சொல்வது இங்கே வழக்கமாகிவிட்டது. புள்ளி இல்லாத வயல் வெறும் வயலாகத்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரியும், புல்டோசர் நேராக இறங்கிவிடும். மழையில் நனைந்து, பூட்ஸில் களிமண் அப்பிக்கொண்டு, நாள் முழுக்க நடந்து எட்டே எட்டு சாம்பல் ஓடு எடுத்துத் திரும்பும் நாளிலும் எனக்குச் சலிப்பு வராததற்குக் காரணம் அந்தப் புள்ளிதான். உங்கள் ஊரில் எத்தனை மேடு இப்படி ஒரு புள்ளியும் இல்லாமல் செங்கல் சூளைக்குப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்த ஃபீல்டு வாக்கிங் தேதியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், உள்ளே கனமான காலுறை, சாப்பாடு, மகளுக்கு மாற்று உடை. பைகளும் பேனாவும் நாங்கள் கொண்டுவருவோம்.