இந்தியாவின் முதலீட்டு விகிதம் 2011-12க்குப் பிறகு இறங்கியது ஏன்?

கயல்:
போட்டித் தேர்வுக்காகப் பொருளாதாரம் படித்து வருகிறேன். 1950-51இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பத்து விழுக்காட்டை ஒட்டியிருந்த நிலை மூலதன ஆக்கம் (கட்டடம், இயந்திரம் போன்றவற்றில் செய்யும் முதலீடு), 2011-12இல் 34 விழுக்காட்டுக்கு உயர்ந்து, 2020-21இல் 27க்கு அருகே இறங்கி, இப்போது 30ஐ ஒட்டி நிற்கிறது. முதலீடு கூடினால்தான் வளர்ச்சி என்று, இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை வடிவமைத்த மகலனோபிஸ் காலத்திலிருந்து சொல்லப்படும்போது, விகிதம் இறங்கிய ஆண்டுகளிலும் ஆறு, ஏழு விழுக்காடு வளர்ச்சி பதிவானது எப்படி? மேலும், 2023-24க்கு ஓர் அட்டவணை 31ஐ ஒட்டியும் இன்னொன்று 33க்கு மேலும் காட்டுகின்றன. எது சரி?

பழைய கணக்கர்:
இரண்டும் சரியே. முதலாவது நடப்பு விலையிலும் (அந்தந்த ஆண்டின் விலை), மற்றது 2011-12ஆம் ஆண்டின் நிலையான விலையிலும் (விலையேற்றத்தை நீக்கி) கணக்கிடப்பட்டவை. இடைப்பட்ட காலத்தில் இயந்திரங்களின் விலை பொது விலைவாசி அளவுக்கு ஏறாததால், நிலையான விலையில் முதலீட்டின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. அட்டவணையின் தலைப்பில் 'நிலை' என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லையென்றால் சரக்கிருப்பு மாற்றமும், தங்கம் போன்ற மதிப்புமிகு பொருள்களும் சேர்ந்திருக்கும். பங்குச் சந்தையில் பங்கு வாங்குவதும் மனை வாங்குவதும் இரண்டிலுமே வராது, ஏனெனில் அங்கே உரிமைதான் கைமாறுகிறது.

துறைமுகத்தான்:
இறக்கத்துக்கான காரணம் வங்கிகளில் இருக்கிறது. 2003 முதல் 2008 வரை எஃகு, மின்சாரம், சாலைத் துறை நிறுவனங்கள் பொதுத்துறை வங்கிகளில் பெருங்கடன் வாங்கி விரிவடைந்தன. பிறகு உலகச் சந்தை சரிந்தது. நிலம் எடுப்பதும் அனுமதி பெறுவதும் இழுத்தடித்தன. 2012இல் 122 அலைக்கற்றை உரிமங்களையும் 2014இல் 214 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2018 மார்ச்சில் வங்கிகள் கொடுத்த கடனில் வாராக்கடன் 11 விழுக்காட்டைத் தாண்டியிருந்த நிலையில், வங்கிகளுக்குக் கொடுக்க மனமில்லை, நிறுவனங்களுக்கு வாங்கத் தெம்பில்லை. 2019 செப்டம்பரில் நிறுவன வரியை 22 விழுக்காடாகக் குறைத்தும் பெரிய எழுச்சி வரவில்லை. ஆலைகள் தம் திறனில் முக்கால் பங்கை மட்டுமே பயன்படுத்தும்போது, வரி குறைந்தது என்பதற்காக யார் புது ஆலை கட்டுவார்? அந்த இடத்தை அரசு ஓரளவு நிரப்பியது: மத்திய அரசின் மூலதனச் செலவு 2019-20இல் ஏறத்தாழ 3.4 லட்சம் கோடி ரூபாய். 2024-25 நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கியதோ 11.11 லட்சம் கோடி.

வைகைக்கரை:
துறைமுகத்தான் சொன்ன வரலாறு சரி. ஆனால் எண்கள் வேறிடத்தைக் காட்டுகின்றன. 2011-12க்கும் 2015-16க்கும் இடையே தனியார் நிறுவனங்களின் முதலீட்டுப் பங்கு பெரிதாகக் குறையவில்லை. குறைந்தது குடும்பத் துறையின் பங்குதான்: மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 15 விழுக்காட்டுக்கு மேலிருந்த அது 10க்கு அருகே வந்துவிட்டது. கணக்கியலில் குடும்பத் துறை என்பது வீடு கட்டுவோரை மட்டுமல்ல, பதிவு பெற்ற நிறுவனமாக இல்லாத பட்டறைகளையும் சிறு கடைகளையும் உள்ளடக்கும். பணமதிப்பிழப்பைக் காரணமாகச் சொல்வோர் உண்டு. அது 2016 நவம்பரில் வந்தது, சரிவோ அதற்கு முன்பே நடந்து முடிந்தது. எனவே, வங்கிக் கதையை மட்டும் தேர்வில் எழுதினால் பாதி விடைதான்.

கயல், வளர்ச்சி எப்படி வந்தது என்ற கேள்விக்கு ஒரு பகுதி விடை சேவைத் துறையில் உள்ளது. மென்பொருள் நிறுவனம் ஒன்று ஈட்டும் வருமானத்தை எஃகு ஆலை ஈட்ட வேண்டுமானால் பல மடங்கு மூலதனம் தேவைப்படும். ஆனால் மறுபகுதி கசப்பானது: அந்த வளர்ச்சி எண்களே விவாதத்துக்குரியவை. 2011-12 முதல் 2016-17 வரையிலான வளர்ச்சி ஆண்டுக்கு ஏறத்தாழ 2.5 புள்ளி மிகையாகக் கணக்கிடப்பட்டதாக, முன்னாள் தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்ரமணியன் 2019இல் வாதிட்டார். அரசு அதை மறுத்தது. அவர் சொன்ன அளவை நான் முழுதாக ஏற்கவில்லை. ஆயினும், முதலீடும் ஏற்றுமதியும் சேர்ந்து தளர்ந்த ஆண்டுகளில் வளர்ச்சி மட்டும் அசையாமல் நின்றது என்பதைக் கேள்வியின்றி ஏற்பதும் கடினமாகவே இருக்கிறது.